மீட்டிங்ல இருக்கான்

ஜூலை 2

சாத்தூர் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவிடம் சொன்னது: கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். நடந்தது: நீங்களே வேலையை விட்டுப் போவதாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் அனுபவச் சான்றிதழில் கைவைப்பார்கள் என்பது சென்னையில் எல்லோருக்கும் தெரியும்.

நான் பார்த்தது சாஃப்ட்வேர் டெஸ்டிங். பிறர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று தட்டித் தட்டிப் பார்க்கும் வேலை. ஜனவரியில் எங்கள் டீமைக் கூப்பிட்டு, எங்கே தட்டுகிறீர்கள், ஏன் அங்கே தட்டுகிறீர்கள், ஒன்று விடாமல் எழுதுங்கள் என்றார்கள். 'எதிர்காலத்துக்குத் தயாராகும் திட்டம்' என்று அதற்குப் பெயர். மாதக்கணக்கில் எழுதினோம். முடித்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். நாங்கள் எழுதியதை எல்லாம் ஒரு மென்பொருளுக்கு ஊட்டினார்கள். எதிர்காலத்துக்குத் தயாரானது அதுதான். சான்றிதழ் என்னிடம் இருக்கிறது.

அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்க முடியாது. அடுத்த வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம். ஒரு மாதம் போதும்.

ஜூலை 4

எங்கள் வீட்டுக்கும் சீனிராஜ் சித்தப்பா வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வருடம் இங்கிருந்துதான் வேலை பார்த்தேன். நாள் முழுக்க நான் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தது தெருவுக்கே தெரியும். இப்போது பேசாமல் இருந்தால் சந்தேகம் வரும். அதனால் தினமும் பதினோரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங் நடத்துகிறேன். பேசுகிறேன், கொஞ்சம் நிறுத்துகிறேன், மறுபடி பேசுகிறேன். இன்று இரண்டு முறை சிரித்தேன்.

கம்பெனி லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தேன். பேட்டரி செத்துவிட்டது, வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். சித்தப்பா மகள் முனீஸ்வரி பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, ஐடி கம்பெனில இந்த லேப்டாப்பா குடுக்காக?"

"ஆபீஸ் லேப்டாப் சர்வீஸுக்குப் போயிருக்கு. இதுல சார்ஜ் நிக்காது. சமாளிக்கிறேன்."

ஜூலை 6

முனீஸ்வரி இந்த வருடம் பிளஸ் டூ முடித்தவள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்திருக்கிறாள். அவள் வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்குத் தெரிந்த இன்ஜினியர் உலகத்தில் நான் ஒருவன்தான்.

இன்று ஒரு பேப்பரோடு இருவரும் வந்தார்கள். அவள் மார்க்குக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நாற்கரச் சாலையோரம் உள்ள தனியார் காலேஜில் ஏஐ படிப்பு. இன்னொன்று, தூரத்து ஊர் அரசுக் கல்லூரியில் சிவில். அது கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இந்த இரண்டில் எதை மேலே வைப்பது என்பதுதான் கேள்வி. மேலே வைத்தது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதை யாரும் கேட்கப்போவதில்லை.

"நாலு வருசம் கழிச்சு எதுண்ணே இருக்கும்?" என்று கேட்டாள். எதுக்கு வேலை இருக்கும் என்றுகூடக் கேட்கவில்லை. எது இருக்கும் என்றுதான் கேட்டாள்.

வேலையில் இருப்பவன் என்ன சொல்வானோ அதைச் சொன்னேன். "ஏஐக்கு நல்ல ஸ்கோப் இருக்கு."

சித்தப்பா அவளைப் பார்த்து, "சொன்னேன்ல?" என்றார்.

அவர்கள் போன பிறகு பழைய கம்பெனிக்காரர்கள் மூன்று பேருக்கு மெசேஜ் அனுப்பினேன், எங்காவது இடம் இருந்தால் சொல்லுங்கள் என்று. இரண்டு பேர் என்னிடம் அதையே கேட்டார்கள்.

ஜூலை 9

விண்ணப்பம். விண்ணப்பம். ரேஷன் கடை. விண்ணப்பம்.

ஜூலை 13

இன்று நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்த நாற்கரச் சாலை காலேஜ்காரர்கள் கல்யாண மண்டபத்தில் 'நாளைய வேலைக்கு இன்றே தயாராகுங்கள்' என்று கூட்டம் போட்டார்கள். சித்தப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் அப்படியே இருந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் அங்கும் இங்கும் நடந்து பேசினார்.

"பயப்படாதீங்க! ஏஐ உங்க வேலையப் பறிக்காது. ஏஐ தெரிஞ்சவன்தான் பறிப்பான். அந்தத் தெரிஞ்சவனா உங்க பிள்ளை இருக்கட்டும்!"

கைதட்டல். கேள்வி கேட்கலாம் என்றார்கள். முனீஸ்வரி எழுந்தாள்.

"சார், இங்க இருக்க எல்லாருமே தெரிஞ்சுக்கிட்டா, அப்ப யாரு யாருதப் பறிப்பா?"

மண்டபம் சிரித்தது. கோட்டுக்காரரும் சிரித்தார். "நல்ல கேள்வி. இந்தப் பொண்ணுக்குக் கண்டிப்பா எங்க காலேஜ்ல இடம் உண்டு" என்றார். அவ்வளவுதான் பதில்.

அதற்குள் சித்தப்பா பக்கத்தில் இருந்தவரிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அது மைக் வரைக்கும் போய்விட்டது. "நம்ம சாத்தூர் மண்ணின் மைந்தர், சென்னையில் முன்னணி ஐடி நிறுவனத்தில் பணிபுரியும் திரு. குருபிரகாஷ் அவர்கள்" என்று கூப்பிட்டார்கள். ஏறினேன். ஏறாமல் இருந்திருக்கலாம். கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கீழே அத்தனை அம்மாக்கள், அப்பாக்கள். அயர்ன் செய்த சட்டைகள், மடியில் மார்க் ஷீட் பைகள். இந்த நாட்டில் ஏமாற்றப்படுவதற்குக்கூட நல்ல உடை உடுத்திக்கொண்டுதான் வருகிறார்கள், பாவிகள்.

"ஏஐ படிச்சா எதிர்காலம் இருக்கு. நானே பார்க்கிறேன்" என்றேன். பொன்னாடை போர்த்தினார்கள்.

அம்மா அந்த ஆடையை மடித்து பீரோவில் வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. வழக்கமாக எல்லாவற்றையும் கேட்பாள்.

ஜூலை 15

நான் பேசிய வீடியோவை அந்தக் காலேஜ் வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டிருக்கிறது. பேக்கரிக்காரர் டீக்குக் காசு வாங்கவில்லை. அவர் மகனும் பிளஸ் டூ.

ஜூலை 18

ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூ வந்தது. இன்டர்வியூ என்றால் எதிரில் ஆள் இல்லை. கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். கேள்வி எழுத்தாக வரும், கீழே ஒரு கோடு குறைந்துகொண்டே போகும், கோடு தீர்வதற்குள் பதில் சொல்ல வேண்டும். நடுவில் தேங்காய் எண்ணெய்க்காரன் ஸ்பீக்கரோடு தெருவில் வந்துவிட்டான். அவன் போகும் வரை சும்மா புன்னகைத்தபடி இருந்தேன். கோடு தீர்ந்துவிட்டது.

'உங்களை நீங்களே எப்படி மேம்படுத்திக்கொள்கிறீர்கள்?' என்பது கடைசிக் கேள்வி. சான்றிதழைக் கேமராவில் காட்டினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுப்பு மெயில் வந்திருந்தது. என்னை நிராகரிக்கக்கூட ஒரு மனிதனை அவர்கள் செலவழிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், நான் தினமும் பதினோரு மணிக்குச் செய்வதும் இதுதான். ஆளில்லாத இடத்தில் பேசுவது. அதில் நல்ல பயிற்சி இருக்கிறது எனக்கு.

ஜூலை 22

மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை, சாயங்காலம்தான் வரும். லேப்டாப் அணைந்துவிட்டது. ஆனாலும் மீட்டிங்கை விடவில்லை. ஒழுங்கு முக்கியம். ஒரு நாள் விட்டால் எல்லாம் விட்டுப்போகும். பதினோரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருண்ட ஸ்கிரீனைப் பார்த்து முக்கால் மணி நேரம் பேசினேன். ஃபேன் சத்தம் இல்லாததால் குரல் நன்றாகக் கேட்டது. இன்று இங்கிலீஷ் சரளமாக வந்தது.

அம்மா காற்றுக்காக வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். முனீஸ்வரி வந்தாள் போலிருக்கிறது. "மீட்டிங்ல இருக்கான், அப்புறம் வா" என்று அம்மா சத்தமாகச் சொன்னது கேட்டது. என் வேலைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் ஒரே ஆள் அம்மாதான்.

ஜூலை 26

அம்மா மறுபடி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். எங்கள் பக்கம் பட்டறை, மில், தொழிற்சாலை எல்லாமே ஆபீஸ்தான். வெடி செய்தால் பயராபீஸ். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, இனி நீ போகக்கூடாது என்று நான்தான் நிறுத்தினேன்.

"எதுக்கும்மா இப்ப?"

"வீட்ல ஒக்காந்து என்னத்தச் செய்ய? கை சும்மா இருந்தா மனசு என்னத்தையாவது நெனைக்குது."

"மிஷின் வந்துருச்சே. உனக்கு அங்க என்ன வேலை?"

"பண்டல் போடணும்ல. அதுக்கு இன்னும் மிஷின் வாங்கல." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "மிஷின் வந்தப்ப மேனேஜரு எங்களக் கூப்பிட்டுச் சொன்னாரு, 'இனிமே குச்சிய கையால அடைக்க வேண்டாம், விரலு நோகாது'ன்னு. நாங்களும் சந்தோசப்பட்டுக் கைதட்டுனோம்யா. மறுவாரம் பாதிப் பேருக்கு வேலை இல்ல. விரலு நோகல. அவரு சொன்னது நெசந்தான்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பொழுது போகவில்லை அவளுக்கு, அதுதான் காரணம். என் சம்பளம் வீட்டுக்குப் போதும் என்று அவளுக்குத் தெரியும்.

ஜூலை 30

இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு சித்தப்பாவின் லோடு ஆட்டோவில் ஏறினேன். அவர் பைபாஸ் வரை ஒரு பீரோ இறக்கப் போனார். முன் சீட்டில் என் பக்கம் கதவு இல்லை, கயிறுதான். காற்றில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"சித்தப்பா, அந்த ஏஐ படிப்பு விசயமா ஒண்ணு சொல்லணும்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் மகனே. எல்லாம் மண்டபத்துலயே சொல்லிட்டயே. எங்கக்கா வீட்ல பொண்ணப் படிக்க வைக்காத, கட்டிக் குடுன்னு ஒத்தக்கால்ல நின்னாக. ஒன் வீடியோவப் போட்டுக் காட்டுனேன். வாய மூடிட்டாக." வண்டியை நிறுத்தாமல் என் தொடையில் ஓர் அடி அடித்தார். "சொல்லு, என்ன?"

"ஹாஸ்டல் எப்படின்னு விசாரிச்சுக்கோங்க."

"ஆமா, அது முக்கியம்."

பீரோவை இறக்க ஒரு கை பிடித்தேன். கனமான பீரோ.

என் பொய்யால் அவளுக்கு ஒரு கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது. இப்போது உண்மையைச் சொன்னால் அது திரும்பி வரும். நல்லது எது கெட்டது எது என்று பிரிக்க முடியாதபடி இந்த ஊர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பின்னி வைத்திருக்கிறது. ஆம்பளைக்கு வேலை போனால் அவமானம், பொம்பளைக்குப் படிப்பு போனால் கல்யாணம்.

ஆகஸ்ட் 3

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7

கவுன்சிலிங்கில் அவள் சுற்றுக்கான விருப்பங்களை வரிசைப்படுத்திப் பூட்ட இன்று கடைசி நாள். பூட்டிவிட்டால் மாற்ற முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். மூன்று மணிக்கு போனோடு வந்தாள். அம்மா ஆபீஸிலிருந்து இன்னும் வரவில்லை.

"ஏஐய மேல வச்சிருக்கேன். பூட்டிரவாண்ணே?"

போனை வாங்கிப் பார்த்தேன். முதலில் ஏஐ, இரண்டாவது சிவில். இரண்டே வரி.

"முனீஸ், எனக்கு வேலை இல்ல. ஜூன்லயே போயிருச்சு. நான் சொன்னதெல்லாம் சும்மா."

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"வேலை இல்லன்னு. கரண்டு போன அன்னிக்கு நீங்க முக்கா மணி நேரம் மீட்டிங் பேசுனீங்க. லேப்டாப்புல சார்ஜ் நிக்காதுன்னு நீங்கதான சொன்னீக." தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நான் வாசல்ல நின்னேன். உங்கம்மா என் கையப் பிடிச்சிக்கிட்டு, யார்ட்டயும் சொல்லாத ஆத்தா, அவனாச் சொல்லட்டும்னாக. ஆனா தெருவுக்கே கேட்டுச்சுண்ணே. எல்லா வீட்டுலயும் ஃபேன் ஓடல."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்தேன்.

"அப்புறம் எதுக்குடி என்கிட்டயே வந்து கேக்குற?"

"வேற யாருண்ணே இருக்கா?" என்றாள். "உள்ள போயிப் பாத்துட்டு வந்த ஆளு இந்தத் தெருவுல நீங்க ஒருத்தருதான்."

"ஏஐ வேணாம். அந்தக் காலேஜ்ல அதச் சொல்லிக் குடுக்கவே ஆள் இருக்காது. போர்டுதான் புதுசு."

"அப்ப சிவில் எடுத்தா வேலை இருக்குமா?"

"தெரியல."

"வீடு கட்டுறத மிஷின் செய்யாதுல்ல?"

"செய்யாதுன்னு சொல்ல முடியல. நான் பார்த்த வேலையையும் செய்யாதுன்னுதான் சொன்னாங்க."

"நர்ஸிங் போயிருக்கணுமோ?"

"தெரியல முனீஸ். சத்தியமாத் தெரியல."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு கோபத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை.

"தெரியலங்குறத சொல்றதுக்கு ஒரு மாசமாண்ணே ஆச்சு உங்களுக்கு?"

பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே மாத்தி அமுக்குங்க. நாளைக்கு ஏதாவதுன்னா உங்களத் திட்டிக்கிருவேன். யாரயாவது திட்டணும்ல."

வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டுமோ என்னவோ. கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு அவளே மாற்றினாள். முதலில் சிவில், இரண்டாவது ஏஐ. அரசாங்கக் காலேஜாவது தனியாரை விடப் பரவாயில்லை என்ற ஒரே காரணம். அது நானும் அவளும் சேர்ந்து கண்டுபிடித்த காரணம் இல்லை. வேறு காரணம் இல்லாததால் மிஞ்சிய காரணம்.

பூட்டுவதற்கு ஓடிபி வேண்டும். நம்பர் சித்தப்பாவுடையது. அவர் விருதுநகரில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டாள். ஒவ்வோர் எண்ணாகச் சத்தம் போட்டு வாசித்தார். பின்னால் யாரோ மூட்டையை இறக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

"ஏஐதானம்மா மேல இருக்கு? அண்ணன்ட்ட காட்டிட்டயா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆமாப்பா. அண்ணன் பக்கத்துலதான் இருக்காரு. ஏஐதான் மேல."

குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அழுத்திப் பூட்டினாள். சிவில் கிடைத்தால் அப்பாவிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "கிடைக்கட்டும், அப்புறம் யோசிக்கலாம்" என்றாள்.

ஆகஸ்ட் 8

அம்மாவிடம் சொன்னேன். "சரிய்யா, சாப்பிடு" என்றாள். தட்டில் சோறு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் நெடுநேரம் வரவில்லை. பாத்திரம் கழுவும் சத்தமும் இல்லை.

இன்று பதினோரு மணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தூங்கினேன்.

ஆகஸ்ட் 11

ஒதுக்கீடு வந்துவிட்டது. அரசுக் கல்லூரியில் சிவில் சீட் அவளுக்கு முன்னால் இருந்தவர்களோடு தீர்ந்துவிட்டது. அவளுக்கு ஏஐ கிடைத்திருக்கிறது. நாற்கரச் சாலைக் காலேஜ்.

அதாவது, நான் பொய்யே சொல்லிக்கொண்டிருந்திருந்தாலும் இதுதான் கிடைத்திருக்கும். உண்மையைச் சொன்னதிலும் இதுதான் கிடைத்தது. அவள் அப்பாவிடம் சொன்ன பொய்க்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. எல்லாம் எங்களுக்கு முன்னாலேயே எங்கோ வரிசையில் தீர்ந்துவிடுகிறது. நாங்கள் இங்கே மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று மூச்சுப்பிடித்துக்கொண்டு இருக்கிறோம்.

காலையில் சித்தப்பா ஒரு பை நிறைய காராச்சேவும் அல்வாவும் வாங்கி வந்தார். தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். அம்மா வாயில் ஒரு துண்டு அல்வாவைத் திணித்தார். "மதினி, ஒங்க மகன் சொன்னபடியே கெடச்சிருச்சு!" என்றார். எனக்கு வேலை இல்லை என்று தெரிந்துதான் சொன்னாரா, அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். சந்தோஷத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

முனீஸ்வரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதுச் சுடிதார். கண் வீங்கியிருந்தது. அழுதாளா, தூங்கவில்லையா என்று கேட்க முடியாது, சித்தப்பா பக்கத்தில் இருந்தார்.

"அண்ணே, காலேஜ்ல லேப்டாப் வேணும்னு சொல்லியிருக்காக. எட்டு ஜிபி வாங்குனா போதுமா?"

"பத்தாது. பதினாறு வாங்கு."

"நெசமாத் தெரியுமா?"

"அது தெரியும்."

சித்தப்பா பேனாவைத் தேடினார். சட்டைப் பையில் கிடைத்தது, பேப்பர் இல்லை. அல்வா எண்ணெயை வேட்டியில் துடைத்துவிட்டு, 'பதினாறு' என்று உள்ளங்கையில் பெரிதாக எழுதிக்கொண்டார்.